ஊர்ப் பள்ளிக்கூடம் யாருடைய சொத்து?

காஞ்சிபுரம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? தாய்மார்களைக் கேட்டால் பட்டுச் சேலை என்பார்கள். பெரியவர்களைக் கேட்டால் காமாட்சி அம்மன், ஏகாம்பரநாதர், வரதராஜப் பெருமாள் என்பார்கள். சாப்பாட்டுப் பிரியரைக் கேட்டால் மந்தாரை இலையில் வெந்த கோயில் இட்லி என்பார்!

பள்ளிக்கூடம் என்று யாராவது சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். ஆனால் சொல்ல வேண்டும். கோயிலுக்கும் தறிக்கும் நடுவில், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊரில் ஒரு வகைப் பள்ளிக்கூடம் இருந்து வருகிறது. அதை நடத்துவது தனியார். ஆனால் அது லாபக் கடை அல்ல. ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசாங்கம். ஆனால் அது அரசாங்கப் பள்ளி அல்ல. "அரசு உதவி பெறும் பள்ளி" என்று அதன் வாசலில் எழுதியிருக்கும்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கும். அதில் நீங்கள் படித்திருக்கலாம். உங்கள் அப்பா படித்திருக்கலாம். அந்தப் பள்ளிக்கூடம் யாருடைய சொத்து? நிர்வாகியின் சொத்தா? அரசாங்கத்தின் சொத்தா? அல்லது உங்கள் சொத்தா? இதைக் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. ஏனென்றால் இந்தப் பள்ளிகள் கேட்பார் இல்லாமல் மெலிந்து வருகின்றன.

முதலில் ஒரு தூர தேசத்துக் கதையைச் சொல்லிவிட்டு நம் ஊருக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் ஒரு சின்னப் பள்ளி

அமெரிக்காவில் மின்னசோட்டா என்று ஒரு மாநிலம். அதன் தலைநகரம் செயின்ட் பால். அங்கே 1992-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஒரு சின்ன உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. பெயர் சிட்டி அகாடமி. சொந்தக் கட்டடம் கிடையாது. நகராட்சியின் விளையாட்டுக் கூடத்தில் வகுப்பு. மாணவர்கள் ஏறத்தாழ 35 பேர்தான்!

அந்த 35 பேரும் யார்? படிப்பைப் பாதியில் விட்டவர்கள். "இதுகள் இனி தேறாது" என்று ஊர் கைவிட்ட பிள்ளைகள். மைலோ கட்டர் என்ற ஆசிரியையும் அவருடன் சேர்ந்தவர்களும் அந்தப் பிள்ளைகளைத் திரும்பக் கூட்டி வந்து வகுப்பில் உட்கார வைத்தார்கள்.

பணம் யார் கொடுத்தார்கள்? அரசாங்கம். பள்ளியை யார் நடத்தினார்கள்? ஆசிரியர்கள். இதற்காக 1991-ல் அந்த மாநிலம் ஒரு புதுச் சட்டம் போட்டது. "நாங்கள் இப்படி இப்படி நடத்துவோம், பிள்ளைகளை இந்த அளவுக்குத் தேற்றுவோம்" என்று பள்ளி எழுதிக் கொடுக்க வேண்டும். "அப்படி நடத்தினால் பணம் தருகிறோம், தவறினால் மூடிவிடுவோம்" என்று அதிகாரிகள் எழுதிக் கொடுப்பார்கள். பிள்ளைகளிடம் சம்பளம் வாங்கக் கூடாது. ஆளைப் பார்த்துச் சேர்க்கவும் கூடாது. இந்த எழுத்துக்கு அவர்கள் மொழியில் சார்ட்டர் என்று பெயர். தமிழில் சொன்னால் பட்டயம்.

அமெரிக்காவில் பட்டயப் பள்ளி என்று தொடங்கியது இதுதான் முதல். இன்று 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களில், 7,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள் இந்த முறையில் நடக்கின்றன. "ஆகா, என்ன புதுமை!" என்று உலகம் அதைப் பற்றி எழுதியது.

புதுமையா? நம் காஞ்சிபுரத்துக்காரர்கள் சிரிப்பார்கள்!

செப்பேட்டில் எழுதிய பள்ளி

பட்டயம் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பல்லவ மன்னர்கள், கொடுத்த தானத்தைச் செம்புத் தகட்டில் வெட்டி வைத்தார்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் பாகூர் என்று ஓர் ஊர். அங்கே கிடைத்த செப்பேடு 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நிருபதுங்கவர்மன் என்ற பல்லவ மன்னன் காலத்தில், பாகூரில் இருந்த ஒரு கல்விச் சாலைக்கு மூன்று கிராமங்களின் வருமானத்தை எழுதி வைத்ததை அது சொல்கிறது.

யோசித்துப் பாருங்கள். பணம் அரசனுடையது. பாடம் நடத்துவது ஆசிரியர்கள். இன்ன ஊரிலிருந்து இவ்வளவு வரும் என்பது எழுத்தில் இருக்கிறது. செயின்ட் பால் நகரத்துப் பட்டயத்துக்கும் பாகூர் பட்டயத்துக்கும் ஆயிரத்து நூறு ஆண்டு இடைவெளி. விஷயம் ஒன்றுதான்!

காஞ்சியிலேயே கடிகை என்ற பெரிய கல்விச் சாலை இருந்தது. கன்னட நாட்டிலிருந்து மயூரசர்மன் என்ற இளைஞன் 4-ஆம் நூற்றாண்டில் தன் குருவுடன் அங்கே படிக்க வந்தான் என்று தாளகுண்டா கல்வெட்டு சொல்கிறது. பின்னாளில் கடம்பர் அரசை நிறுவியவன் அவன்தான்.

ஆனால் பழம் பெருமையில் ஒரு குறையும் உண்டு. அந்தக் கல்விச் சாலைகளில் நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு இடம் இல்லை. உழவன் வீட்டுப் பிள்ளைக்கும் இடம் இல்லை. வேதமும் சாத்திரமும் படிக்கச் சிலருக்கு மட்டுமே உரிமை இருந்தது. எல்லாருக்கும் பள்ளி என்பது பின்னால் வந்த கதை. அந்தக் கதையில் முக்கியமான ஒருவர் பச்சையப்பர்.

பச்சையப்பர் விட்டுப்போன பணம்

பச்சையப்ப முதலியார் 1754-ல் பிறந்தார். பிறக்கும் முன்பே தந்தை இறந்துவிட்டார். சென்னைக்கு வந்து, ஆங்கிலக் கம்பெனிக்காரர்களுக்கு நடுவில் துபாஷி வேலை பார்த்தார். துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர்; வியாபாரத்துக்கும் பேச்சுக்கும் நடுவே நிற்பவர். ஏராளமாகச் சம்பாதித்தார். 1794-ல், நாற்பது வயதிலேயே காலமானார்.

சாவதற்குச் சில நாள் முன்பு ஓர் உயில் எழுதினார். கோயில் தர்மங்களுக்கு அதில் நிறைய ஒதுக்கினார். அந்தத் தர்மங்களில் காஞ்சிபுரத்துக்கும் பங்கு உண்டு.

பிறகு என்ன நடந்தது? பணம் இருந்தது, தர்மம் நடக்கவில்லை! பொறுப்பில் இருந்தவர்கள் கணக்குக் காட்டவில்லை. வழக்கு வந்தது. 1832-ல்தான் சென்னை சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வழங்கியது. எழுதியவர் இறந்து முப்பத்தெட்டு ஆண்டு ஆகிவிட்டது. அதற்குள் வட்டி சேர்ந்து பணம் பல லட்சமாகப் பெருகியிருந்தது.

கோயில் தர்மத்துக்கு உரியதை ஒதுக்கினார்கள். மிஞ்சிய பணத்தைக் கல்விக்குச் செலவிடலாம் என்று முடிவாயிற்று. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் இதற்கு முன்நின்று உழைத்தார். 1842 ஜனவரி முதல் தேதி சென்னையில் பச்சையப்பர் பெயரில் பள்ளி திறந்தது. சில ஆண்டுகளில் காஞ்சிபுரத்துக்கும் பச்சையப்பர் பள்ளி வந்தது.

அதே காலத்தில் இன்னொரு பள்ளியும் வந்தது. ஸ்காட்லாந்து தேசத்துப் பாதிரியார் ஜான் ஆண்டர்சன் 1837-ல் சென்னையில் பள்ளி தொடங்கினார். அந்தச் சபையின் பள்ளி காஞ்சிபுரத்திலும் வேரூன்றியது. இன்றும் அவர் பெயரால் அங்கே ஆண்டர்சன் பள்ளி இருக்கிறது. ஒரு பக்கம் கோயில் தர்மத்தில் மிஞ்சிய பணம். இன்னொரு பக்கம் கடல் கடந்து வந்த சபையின் பணம். இரண்டும் ஒரே ஊரில் பள்ளிக்கூடம் ஆயின!

இந்தக் கதையில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. தர்மம் செய்ய நல்ல மனம் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். கணக்கு இல்லாததால்தான் பச்சையப்பர் பணம் அத்தனை ஆண்டு தூங்கியது. நம் காலத்திலும் அந்த அறக்கட்டளையின் நிர்வாகத்தை ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரிடம் உயர் நீதிமன்றம் ஒப்படைக்க நேர்ந்தது. இருநூறு ஆண்டு ஆகியும் பாடம் பழசாகவில்லை.

இன்னொரு பாடமும் உண்டு. பச்சையப்பர் கல்லூரியில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளை நெடுங்காலம் சேர்க்கவில்லை. போராடிய பிறகு 20-ஆம் நூற்றாண்டில்தான் கதவு திறந்தது. பிற மதத்துப் பிள்ளைகளுக்கு 1947-ல்தான் இடம் கிடைத்தது. எழுதி வைத்தவர் பணம் மட்டும் இருந்தால், "இது எங்கள் தர்மம், எங்கள் பிள்ளைகளுக்குத்தான்" என்று சொல்லிவிடலாம். பொதுப் பணம் வாங்கும் பள்ளி அப்படிச் சொல்லலாமா? பொதுப் பணம் நுழைகிற வாசலில் எல்லாப் பிள்ளைகளும் நுழைய வேண்டும். அதுதான் நியாயம்.

லண்டன் கடிதம்

பொதுப் பணம் எப்போது வந்தது? 1854-ல் லண்டனிலிருந்து ஒரு நீண்ட கடிதம் வந்தது. அனுப்பியவர் சார்லஸ் வுட். இந்தியாவில் கல்வியை எப்படி வளர்ப்பது என்பது அந்தக் கடிதத்தின் விஷயம். எல்லாப் பள்ளிகளையும் அரசாங்கமே கட்டி நடத்த முடியாது. ஊராரும் சபைகளும் நடத்தும் நல்ல பள்ளிகளுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கட்டும். பதிலுக்கு இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கட்டும். இதுதான் ஏற்பாடு. மானியம் என்ற சொல் அன்று முதல் பள்ளிக்கூடத்தோடு ஒட்டிக்கொண்டது.

ஆக, அமெரிக்கா 1991-ல் போட்ட சட்டத்தின் சாரத்தை நாம் 1854 முதல் கைக்கொண்டு வருகிறோம். கட்டடமும் பராமரிப்பும் நிர்வாகத்தின் பொறுப்பு. அனுமதிக்கப்பட்ட ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசாங்கத்தின் பொறுப்பு. சுதந்திரம் வந்த பிறகு இந்த உறவு இன்னும் நெருக்கமாயிற்று. சத்துணவும் பாடப் புத்தகமும் அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கும் கிடைத்தன.

நெசவாளர் தெருவிலிருந்து கோட்டைக்கு

பலன் என்ன? ஒருவரைச் சொன்னால் போதும்.

1909 செப்டம்பர் 15-ஆம் தேதி காஞ்சிபுரத்தில் ஓர் எளிய நெசவாளர் குடும்பத்தில் ஒரு பிள்ளை பிறந்தது. பச்சையப்பர் உயர்நிலைப் பள்ளியில் படித்தது. வீட்டில் கஷ்டம். படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குப் போக நேர்ந்தது. பிறகு மறுபடியும் படிப்பைத் தொடர்ந்து, சென்னையில் பச்சையப்பர் கல்லூரியில் சேர்ந்தது. அந்தப் பிள்ளைதான் 1967-ல் முதலமைச்சரான சி.என். அண்ணாதுரை!

கட்சி எதுவானாலும் இதில் கருத்து வேற்றுமை இருக்க முடியாது. நடந்து போகும் தூரத்தில், கைக்கு எட்டும் செலவில், அந்த ஊரில் ஒரு பள்ளி இல்லாமல் இருந்திருந்தால்? அந்தப் பிள்ளை தறியிலோ எழுத்தர் மேசையிலோ நின்றிருக்கும். நாம் அவர் பெயரைக் கேட்டிருக்கவே மாட்டோம்.

காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்தில் 1912-ல் பிறந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. காமராஜர் ஆட்சியில் கல்வித் துறையின் இயக்குநராக இருந்தார். 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது அதற்குத் தோள் கொடுத்தவர் அவர். 1958 முதல் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார். அந்த மாநாட்டில் பேச்சு மட்டும் அல்ல. ஒருவர் பெஞ்சு கொடுப்பார். ஒருவர் கடிகாரம் கொடுப்பார். ஒருவர் நிலமே கொடுப்பார். "இது நம் பள்ளி" என்ற எண்ணம் ஊருக்கு ஊர் பரவியது.

அந்த எண்ணம்தான் இன்று காணாமல் போயிருக்கிறது.

தறியின் மறுபக்கம்

காஞ்சிபுரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போட்டி எது தெரியுமா? சினிமா அல்ல. தறி!

கோர்வைச் சேலை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு பிரியாமல் நிற்கும். இதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். உடலுக்கு ஒன்று, இரு கரைக்கும் இரண்டு. நெசவாளி ஒருவரால் இது முடியாது. மறுபக்கத்துக் கரைக்கு நாடா எறிய இன்னொரு கை வேண்டும். தறியில் உட்கார்ந்த அந்த இரண்டாவது கை பல வீடுகளில் யாருடைய கை? ஏழு வயது, எட்டு வயதுப் பிள்ளையின் கை!

சில பிள்ளைகள் சொந்தத் தறியில் அப்பாவுக்கு உதவினார்கள். சிலரை அப்பா அம்மா முன்பணம் வாங்கிக்கொண்டு வேறு வீட்டுத் தறிக்கு அனுப்பினார்கள். முன்பணம் அடையும் வரை பிள்ளை திரும்ப முடியாது. வட்டி ஏற ஏற அதுவும் நீண்டுகொண்டே போகும். கல்யாணத்தில் நாம் "என்ன அழகான கரை!" என்று தொட்டுப் பார்த்த சேலைகள் பலவற்றில் இந்தப் பிஞ்சு விரல் இருந்தது.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. பிறகு தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் காஞ்சிபுரத்தில் சிறப்புப் பள்ளிகள் திறந்தார்கள். தறியை விட்டு வந்த பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்து, வழக்கமான பள்ளியில் சேர்ப்பது அதன் வேலை. செயின்ட் பால் நகரத்தில் அந்த ஆசிரியை செய்ததும் இதே வேலைதான் அல்லவா? விட்டுப் போன பிள்ளையைத் தேடிப் பிடித்துக் கூட்டி வருவது!

அந்த முயற்சிகளால் நிலைமை பெரிதும் மாறியது. ஆயினும் 2016-ல் சட்டத்தைத் திருத்தியபோது ஒரு சந்து விட்டார்கள். 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. ஆனால் பள்ளி நேரம் போக, சொந்தக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்பது அந்தத் திருத்தம். தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஊரில் இந்தச் சந்து எவ்வளவு பெரிது என்பது உங்களுக்கே தெரியும். இரவு வரை நாடா எறிந்த பிள்ளை காலையில் கணக்குப் போடுமா, தூங்கி விழுமா?

ஆகவே இந்த ஊருக்குப் பக்கத்திலேயே பள்ளி வேண்டும். சின்னப் பள்ளி வேண்டும். ஒரு பிள்ளை மூன்று நாள் வரவில்லை என்றால், அந்தத் தெருவுக்கே நடந்து போய், "என்னம்மா, பிள்ளை எங்கே?" என்று கேட்கிற ஆசிரியர் வேண்டும். ஆயிரக்கணக்கில் பிள்ளைகளை அடைத்த பெரிய பள்ளியில் இதை யார் கவனிப்பார்கள்?

அவர்கள் திறந்தார்கள், நாம் நிறுத்தினோம்

இப்போது ஒரு விந்தையைக் கேளுங்கள். 1991-ல் அமெரிக்காவில் பட்டயப் பள்ளிக்குச் சட்டம் போட்டுப் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். நம் தமிழ்நாட்டில் அதே ஆண்டுதான் எல்லைக் கோடு. 1991-92 கல்வி ஆண்டுக்குப் பிறகு தொடங்கிய தனியார் பள்ளிக்கு மானியம் இல்லை என்று சட்டத்தில் எழுதிவிட்டார்கள். நூறாண்டுக்கு மேல் இந்த வழியில் நடந்த நாம் நிறுத்திய இடத்தில், அவர்கள் தொடங்கினார்கள்!

காரணம் இல்லாமல் இல்லை. அரசாங்கக் கஜானாவில் பணம் அளவானது. புதிது புதிதாகப் பள்ளி திறந்து எல்லாரும் மானியம் கேட்டால் எங்கே போவது? சரி. ஆனால் பிறகு நடந்தது என்ன? புதிதாக வந்தவை பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஆங்கிலப் பள்ளிகள். பணம் உள்ளவர்கள் அங்கே போனார்கள். பணம் இல்லாதவர்களும் கடன் வாங்கிப் போனார்கள். பழைய உதவி பெறும் பள்ளிகளில் தலை எண்ணிக்கை குறைந்தது.

தலை குறைந்தால் என்ன ஆகும்? ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதம் பிள்ளைகளை எண்ணி, ஆசிரியர் இடத்தை நிர்ணயம் செய்கிறார்கள். பிள்ளை குறைந்தால் ஓர் ஆசிரியர் உபரி ஆவார். ஆசிரியர் குறைந்தால், "அங்கே வாத்தியாரே இல்லை" என்று மேலும் பத்துப் பிள்ளை போகும். ஓட்டைப் பானையில் தண்ணீர் நிற்குமா?

சலுகையிலும் இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டாம் பந்திதான். 2020-ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் இடம் ஒதுக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் உதவி பெறும் பள்ளிப் பிள்ளைக்கு அந்தச் சட்டத்தில் இடம் இல்லை. 2022-ல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கியது. கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு அது 2024-லும், நகரத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு 2025-லும் வந்தது. தாமதமானாலும் வந்தது, மகிழ்ச்சி. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒரே தெருவில், ஒரே தறிக்காரரின் இரண்டு பிள்ளைகள். ஒன்று அரசுப் பள்ளி, ஒன்று உதவி பெறும் பள்ளி. ஒரு பிள்ளையின் பசி இரண்டு ஆண்டு காத்திருக்குமா?

எதிர்ப்புக்கு என்ன பதில்?

"தனியார் நடத்தும் பள்ளிக்கு மக்கள் பணத்தை ஏன் கொட்ட வேண்டும்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆசிரியர் வேலைக்கு லட்சக்கணக்கில் விலை பேசும் நிர்வாகிகள் உண்டு என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். இலவசப் பள்ளிக்குள்ளேயே ஆங்கிலப் பிரிவு என்று ஒன்றை வைத்துச் சம்பளம் வாங்கும் இடமும் உண்டு. மைதானத்தைக் கடைக்கு வாடகை விட்ட கதையும் உண்டு.

அமெரிக்காவிலும் ஒழுங்கீனம் இல்லாமல் இல்லை. ஓஹியோ மாநிலத்தில் கணினி வழியாகவே பாடம் நடத்திய ஒரு பட்டயப் பள்ளி இருந்தது. படிக்காத பிள்ளைகளையும் கணக்கில் காட்டிப் பணம் வாங்கியதாகக் கண்டுபிடித்தார்கள். பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னதும், 2018 ஜனவரியில், கல்வி ஆண்டின் நடுவிலேயே பள்ளி மூடப்பட்டது. ஏறத்தாழ 12,000 பிள்ளைகள் நடுத்தெருவில் நின்றார்கள்!

இதனால் என்ன தெரிகிறது? பட்டயம் எழுதினால் மட்டும் போதாது. பட்டயத்தைப் படித்துப் பார்க்க ஆள் வேண்டும். திருடன் இருக்கிறான் என்பதற்காக வீட்டையே இடித்துவிடுவோமா? கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவோம். பள்ளியை மூடுவது தீர்வு அல்ல. கணக்கைத் திறப்பதுதான் தீர்வு.

அரசுப் பள்ளிக்கு எதிராக நான் பேசவில்லை. அரசுப் பள்ளியும் வேண்டும், உதவி பெறும் பள்ளியும் வேண்டும். ஏழை வீட்டுக்கு இரண்டுமே இரு கண்.

நாம் செய்ய வேண்டியது

அரசாங்கம் செய்ய வேண்டியது மூன்று. ஒன்று, சம்பளம் வாங்காமல் எல்லாரையும் சேர்க்கும் உதவி பெறும் பள்ளியின் பிள்ளைக்கு, அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு உள்ள எல்லாச் சலுகையும் அன்றே கிடைக்க வேண்டும். இரண்டு, பள்ளிக்கு வந்த மானியம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்பதைப் பள்ளி வாசலில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். மூன்று, ஆசிரியர் நியமனத்தை நிர்வாகியின் வீட்டுக் கூடத்தில் முடிக்காமல், ஊர் அறியப் பரீட்சை வைத்து நடத்த வேண்டும்.

நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். ஐயா, உங்கள் பாட்டனார் கொடுத்த நிலம் பெரிது. அதை ஊர் மறக்கவில்லை. ஆனால் கொடுத்த பிறகு அது தர்மம். தர்மத்துக்கு நீங்கள் காவல்காரர், சொந்தக்காரர் அல்ல.

பெற்றோரே, உங்களுக்கும் வேலை உண்டு. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, உதவி பெறும் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால் பங்கு பெற்றோர். உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். உதவி பெறும் பள்ளியில் அந்தக் குழு ஆலோசனைதான் சொல்லலாம். உத்தரவு போட முடியாது. பரவாயில்லை. ஆலோசனை சொல்லவாவது போகிறோமா? 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டி, ஒரு தாளில் எழுதிக் கேட்டால், மானியக் கணக்கைச் சொல்ல வேண்டும்.

"எனக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராதே, நான் போய் என்ன கேட்பது?" என்று எண்ணாதீர்கள் அம்மா. மூன்று கேள்வி கேளுங்கள். என் பிள்ளை வகுப்புக்கு எத்தனை ஆசிரியர்? போன மாதம் எத்தனை பிள்ளை வராமல் நின்றது? வராத பிள்ளை வீட்டுக்கு யார் போனார்கள்? இந்த மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் அது நல்ல பள்ளி. பதில் வராவிட்டால் மறுமாதமும் போய்க் கேளுங்கள்.

பழைய மாணவர்களும் விழித்துக்கொள்ள வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் நல்ல வேலையில் இருக்கும் எத்தனையோ பேர் இந்தப் பள்ளிகளின் பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள்தான். கோயில் கும்பாபிஷேகத்துக்கு ரசீது கேட்காமல் பணம் கொடுக்கிறோம். படித்த பள்ளியின் கூரைக்கு ரசீது வாங்கிக்கொண்டாவது கொடுக்கக் கூடாதா?

பச்சையப்பர் தர்மத்துக்கு எழுதி வைத்த பணம் முப்பத்தெட்டு ஆண்டு வீணாகத் தூங்கியது. கேட்க ஆள் வந்தபோதுதான் அது பள்ளிக்கூடம் ஆயிற்று. இன்று கட்டடம் இருக்கிறது. சட்டம் இருக்கிறது. மானியம் இருக்கிறது. ஆசிரியரும் இருக்கிறார்கள். இல்லாதது கேட்கிற ஆள் ஒன்றுதான்.

ஊர்ப் பள்ளிக்கூடம் யாருடைய சொத்து என்று தொடக்கத்தில் கேட்டேன். யார் போய்க் கணக்குக் கேட்கிறார்களோ, அவர்களுடைய சொத்து. அடுத்த பெற்றோர் கூட்டம் எந்தத் தேதி என்று நாளைக்கே உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். தறி ஒரு மணி நேரம் நிற்கட்டும். போய் உட்காருங்கள்.